தவக்காலத்தில் ஊதிய கிளாரினெற்

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு இருபதுக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்போடுதான் எல்லாம் குழம்பத் தொடங்கியது.

அழைத்தவர் எங்கள் பங்கில் பசாம் படிப்பை நடத்துபவர். தவக்காலத்தில் யேசுவின் பாடுகளை ஒப்பாரி போல இழுத்துப் படிக்கும் அந்த வழக்கத்தை ஒஸ்லோவின் குரோருட்டுக்குக் கொண்டுவந்தவர் தாமே என்று சொல்லித் திரிபவர். கை மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் மகள் கிளாரினெற்றுக்குச் சீவாளி பொருத்திக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, பிள்ளை இண்டைக்கு யூதரின்ரை செபத்தை ஊதப்போகுதாம். தவக்காலத்திலை இது தேவையோ? ஊதினா இனி முதல் அடி அவ படிக்க வேண்டாம். ஆக்கள் கதைக்கினம்.”

மற்றவர்கள் சேர்வதற்கு முன் தனிக்குரலில் தொடங்குவதுதான் முதல் அடி. முதல் நற்கருணையான புதுநன்மை எடுத்த வருடத்திலிருந்து அது மகளுடையது. அன்று மாலை இளைஞர் இசைக்குழுவின் நிகழ்ச்சியிலும் அவளுக்கு ஒரு தனிப்பகுதி இருந்தது. அந்த இசையை எழுதியவர் இப்போது வாழும் ஒரு பெண். தன் தாத்தா யூதத் தொழுகைக்கூடத்தில் பாடிய மெட்டை முழு இசைக்குழுவுக்கும் விரித்திருந்தார்.

மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய போன் மேசையில் கிடந்தது.

முப்பது வருடம் ஒஸ்லோவில் இருந்தும் அந்த மனிதர் ஒரு யூதரோடும் கதைத்ததில்லை. பசாமில் ‘யூதர்’ என்ற சொல் வரும்போது மட்டும் அவருடைய தொண்டை அகலும். மாதா எந்த இனத்துப் பெண் என்று யோசிக்கும் சிரமத்தை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. ஒஸ்லோவை ஒட்டிய லோறென்ஸ்கூக்கில் தன் வீட்டு வாசலில் கார் கழுவும்போது காட்டும் கவனம், படிக்கும் வரிகளில் இல்லை.

மண்டபத்தில் முதல் இசை முடிந்தும் மகளின் கதிரை வெறுமையாகவே இருந்தது. ரயில் பாதை, ஆறு, பாலம் என்று என் மனம் போகாத இடமில்லை.

அடுத்ததற்கு வாத்தியங்களைச் சுருதி சேர்க்கும்போது பக்கக் கதவால் வந்தாள். கண் வீங்கியிருந்தது. உட்கார்ந்து ஊதினாள். வயலின்கள் அடியில் முணுமுணுக்க, ஒரு சுரத்திலிருந்து மற்றதற்கு அழுது வழுக்கி இறங்கினாள். அந்த வழுக்கலை எந்த நோர்வேஜிய ஆசிரியரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

முடிந்ததும் வெளியே வந்து, “முதல் அடி போனாப் போகட்டும், அம்மா” என்றாள்.

அப்போதுதான் போனில் கதைத்த அந்த மனிதர் வந்தார். பூசைக்குப் போலவே பிந்தி வந்து, கதவு பூட்டியிருக்க, வெளியே ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“தங்கச்சி, பிள்ளை ஊதினது எங்கட பசாமெல்லோ. வாற வெள்ளி முதல் அடி அவதான். இதை யூதரின்ரை எண்டு உங்களுக்கு எந்த விசரன் சொன்னவன்?”