எல்லாருக்கும் எழுபத்திரண்டு

அறுபதுகளின் கடைசியில், இன்ஷூரன்ஸ் ஆபீஸில் யாருக்கு பாலிசி கொடுக்கலாம் என்று முடிவு செய்கிற வேலை எனக்கு. தாம்பரத்து டாக்டர் ஒருவர் அனுப்பும் அறிக்கைகளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். சேலையூர் வாத்தியாருக்கும் நாடித்துடிப்பு எழுபத்திரண்டு, ஊரப்பாக்கம் மளிகைக்காரருக்கும் எழுபத்திரண்டு!

எனக்கே பாலிசி எடுக்க அவரிடம் போனபோது கேட்டுவிட்டேன்.

"கையைத் தொட்டாவது பாக்கறீங்களா, டாக்டர்?"

சோடாபுட்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். முழுதாக ஒரு நிமிஷம் கடிகாரத்தையே பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டு சார். நடுநடுவுல ஒண்ணு விட்டும் போகுது. நாளைக்கு வந்து மருந்து வாங்கிக்குங்க. இதை எழுதினா உங்க ஆபீஸ்ல பாலிசி தரமாட்டாங்க. எழுதட்டுமா?"

வீட்டில் இரண்டு சின்னப் பெண்கள்.

"எழுபத்திரண்டுன்னே போட்டுடுங்க" என்றேன்.

மேஜையிலிருந்த அறிக்கைப் பாரத்தை என் பக்கம் திருப்பினார். நான் வாய் திறப்பதற்கு முன்பே அதைத்தான் எழுதி வைத்திருந்தார், பாவி மனுஷர்.