மேல் ஷாப்ட்டில் காய்ந்த வெள்ளைப் புடவை

1. அழித்த வரி

எங்கள் வௌவால் சர்வே குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு அனுபவக் குறிப்பு எழுதிக் கொடு என்று குழுவை நடத்தும் வனஜா மேடம் கேட்டார். கீழ் ஷாப்ட்டுக்குக் கம்பிக்கதவு போட வைத்த கதையை எழுதுவேன் என்று நினைத்திருப்பார். அதற்குப் போட்டோகூட இருக்கிறது. தொப்பி போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி, கேமராவைப் பார்க்காத மாதிரி நிற்கிறேன். ஆனால் அது நான் சரியாகச் செய்த வேலை. அதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் தப்பாகச் செய்ததை எழுதுகிறேன்.

போன மே மாதம், சர்வே ஷீட்டின் குறிப்புக் கட்டத்தில் நானே டைப் செய்த ஒரு வரியை நானே அழித்தேன். அவ்வளவுதான் தப்பு. செய்ய இரண்டு செகண்ட்கூட ஆகவில்லை.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். தங்கச் சுரங்கம் மூடின பிறகு கேஜிஎஃப்பில் ஷாப்ட் வாய்கள், சுரங்கத்துக்குள் நேராக இறங்கும் குழிகள், நிறைய மிச்சம். சிலது கிணறு அகலம்கூட இருக்காது. ஆழம் மட்டும் கேட்காதீர்கள். ஆடு விழுகிறது, மாடு விழுகிறது, நாளைக்குக் குழந்தை விழுந்தால் யார் பொறுப்பு? ஸ்லாப் போட்டு மூடுங்கள் என்று பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு ஜனங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் சில ஷாப்ட்டுகளுக்குள் வௌவால் குடியிருக்கிறது. அங்கே ஸ்லாப்புக்குப் பதில் கம்பிக்கதவு போடலாம். மனுஷன் விழமாட்டான், வௌவால் பறந்து போகும், அந்த அளவு இடைவெளி. எந்த வாய்க்கு ஸ்லாப், எந்த வாய்க்குக் கம்பி என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. சாயங்காலம் வாய்க்கு எதிரே உட்கார்ந்து, வெளியே வருவதைக் கையடக்கக் கவுண்ட்டரில் ஒவ்வொன்றாக அமுக்கி எண்ணவேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால் ‘நில்’, அதாவது இங்கிலீஷ் பூஜ்யம். நான் நில் என்று எழுதினால் அந்த வாய்க்குக் கான்கிரீட் வரும்.

2. எனக்கு ஒரு கட்டைவிரல், அவளுக்கு மூன்று கைதட்டல்

கௌதமியும் நானும் ஒரே ஸ்கூல், ஒரே கிளாஸ். நான் எம்.எஸ்ஸி. விலங்கியல். அவள் பி.காம். முடித்துவிட்டு பெங்களூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். தினமும் காலை ரயிலில் போய் ராத்திரி வருவாள். எங்களோடு சனி, ஞாயிறு மட்டும். நான் முழுநேரம். வௌவால் சத்தத்தை நம் காதுக்குக் கேட்கிற மாதிரி மாற்றித்தரும் டிடெக்டர் என்னிடம்தான் இருக்கும். அதை அவள் இன்றுவரை ‘ரேடியோ’ என்றுதான் சொல்கிறாள்.

சுரங்கத்துக்குள் ஆள் இறக்கிய பழைய வைண்டிங் எஞ்சின் கட்டடத்தில் ஆந்தைக் கூட்டை நான் மூன்று வாரம் தேடினேன். அவள் வந்த முதல் ஞாயிறு, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னா தினா, கீழ பூரா எலி எலும்பா கீது. மேல பாத்தியா?”

மேலே பார்த்தேன். மூன்று குஞ்சுகள் கழுத்தைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தப் படத்துக்கு வாட்ஸப் குரூப்பில் மேடம் போட்டது மூன்று கைதட்டல். என் பதினாறு பக்க ரிப்போர்ட்டுக்கு ஒரு கட்டைவிரல். இதையெல்லாம் எண்ணுவாயா என்று கேட்காதீர்கள். எண்ணுவதுதானே என் உத்தியோகம்.

3. மே மாதத்துச் சாயங்காலங்கள்

கோரமண்டல் லைன் வீடுகளுக்குப் பின்னால் மேட்டில் ஒரு ஷாப்ட். சரிவில் இறங்கினால் ரயில் பாதையோரம் முள்ளுக்குள் இன்னொன்று. மேல் ஷாப்ட், கீழ் ஷாப்ட் என்று பெயர் வைத்துக்கொண்டோம். உள்ளே ஒரு லெவல், குறுக்கே போகும் சுரங்கப்பாதை, இரண்டையும் சேர்த்திருந்தது. இப்போது நடுவில் மண் சரிந்து சந்து மட்டும் பாக்கி. காற்று போகும், இறக்கை போகாது.

கீழ் ஷாப்ட்டில் வௌவால் கொட்டியது. மேல் ஷாப்ட் எதிரே மூன்று சாயங்காலம் உட்கார்ந்தேன். டிடெக்டரில் ஒரு சத்தம் இல்லை. மூன்றாவது நாள் சனிக்கிழமை, கௌதமியும் இருந்தாள்.

“நில்,” என்றேன்.

“இப்ப நில்லுதான். குளிர்ல வந்து பாரு.”

“குளிர்ல மட்டும் எப்படி வரும்?”

“இப்ப இந்த ஷாப்ட் காத்த உள்ள இழுக்குது. கீழ கீதே, அது ஜில்லுனு வெளிய உடுது. அதாங்காட்டி அங்க உக்காந்து சீட்டு ஆடறானுங்க. மார்கழி வந்தா அப்படியே உல்டா. இது கதகதன்னு மூச்சு உடும். எங்க லைன்ல எல்லாரும் துணிய இந்தச் சுவத்தாண்டதான் காயப்போடுவோம். அம்மா பௌர்ணமிக்கு புத்த விஹாருக்குக் கட்டிக்கினு போற வெள்ளப் புடவ கீது பாரு, அது இங்கதான் காயும்.”

“அதுக்கும் வௌவாலுக்கும் என்ன?”

“மார்கழி, தை பௌர்ணமிக்கு மட்டும் புடவ மேல சீரகம் தூவுன மாதிரி இருக்கும். அம்மா ரெண்டு தபா அலசுவாங்க. புத்த பௌர்ணமிக்கு ஒண்ணும் இருக்காது. போன வாரம்கூடப் பாத்தேன், சுத்தமா இருந்துச்சு.”

“எலியா இருக்கும்.”

“ஆமா, எலி கொடி மேல நடந்து வந்து, கரெக்டா பௌர்ணமி பாத்துப் போவுது. எழுதுடா டேய்.”

எழுதினேன். ‘மேல் ஷாப்ட்: குளிர்காலத்தில் வருவதாக உள்ளூர்த் தகவல். மார்கழியில் மறுபடி பார்க்கவும்.’ அவள் எட்டிப் பார்த்துவிட்டு, தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போனாள்.

அப்போது மேடம் போன் செய்தார். மூன்று சாயங்காலம் காத்துக்கிடந்தவனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: “கௌதமி என்ன சொல்றா?”

“அவளும் நில்னுதான் சொல்றா மேடம்,” என்றேன். பாதி உண்மை. அவள் சொன்னதில் முதல் இரண்டு வார்த்தை.

போனை வைத்தேன். அந்த வரியை அழித்தேன். ‘நில். மூடலாம்’ என்று எழுதி, பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

4. சீரகம்

மார்கழி. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ‘மூடுவதற்கு முன்’ போட்டோ எடுக்க மேல் ஷாப்ட்டுக்குப் போனேன். தூரத்திலேயே தெரிந்தது. ஷாப்ட் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி, டீக்கடை பாய்லர் மாதிரி. சுவர் ஓரம் கொடி முழுக்கத் துணி. வாய்க்கு மேலே கையை நீட்டினேன். காற்று வெதுவெதுப்பாக உள்ளங்கையில் அடித்தது. கூடவே வௌவால் வாசனையும் வந்தது. மூன்று வருடமாக இந்த வேலை செய்கிறவனுக்கு வாசனை தெரியும்.

பக்கத்தில் கம்பிக் கட்டு, ஷட்டரிங் பலகை, ஐந்தாறு வேலையாட்கள். ஸ்லாப் போட வந்த, குரங்குக் குல்லா போட்ட இன்ஜினியர். அவர் எதிரே கௌதமி, கையில் அம்மாவின் வெள்ளைப் புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு.

“நோடம்மா, இங்க பாரு,” என்றார் இன்ஜினியர், கன்னடமும் தமிழும் கலந்து. “திங்கக்கிழமை மிக்ஸர் வருது. புடவை அழுக்காச்சு, வேலைய நிறுத்துன்னா நான் மேல என்ன சொல்றது?”

“சார், சோப்பு ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க சார்!” என்றார் ஒரு கம்பி கட்டுகிறவர். எல்லாரும் சிரித்தார்கள்.

கௌதமி சிரிக்கவில்லை. “உங்க பேப்பர்லயே கீது சார். மே மாசமே நான் சொன்னேன், தினா எழுதிக்கினான். நானே பாத்தேன். நல்லாத் திருப்பிப் பாருங்க.” என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. “தோ, அவனே வந்துட்டான்!”

இன்ஜினியர் பேப்பரைத் திருப்பினார். மறுபக்கம் பார்த்தார். அடுத்த தாள். “எங்கம்மா இருக்கு? நில், மூடலாம். அவ்ளோதான். கையெழுத்து.”

அவள் பேப்பரை வாங்கிப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

நான் புடவை மேலிருந்த சீரகத்தில் ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினேன். எலிப் புழுக்கை என்றால் கெட்டியாக நிற்கும். இது பொடிப்பொடியாக உதிர்ந்தது. பொடிக்குள் பூச்சி ஓட்டின் மினுமினுப்பு: வௌவால் எச்சம். எம்.எஸ்ஸி.யில் சொல்லிக்கொடுத்ததுதான். மே மாதமே அவள் சொன்ன புடவைக் கதையை மதித்திருந்தால் போதும்.

“இருந்துச்சு சார்,” என்றேன். “நான்தான் அழிச்சிட்டேன்.”

“யாக்கெ?” என்றார். ஏன் என்று கன்னடத்தில் கேட்டால் இன்னும் கொஞ்சம் உறைக்கிறது.

“இவ சொன்னதுன்றதால.”

கம்பி வளைக்கிற சத்தம் நின்றுவிட்டது. கௌதமி என்னைப் பார்த்தாள்.

“இன்னாத்துக்குடா?”

“மேடம் எப்பவும் உன்னத்தான் கேக்கறாங்க.”

“அடப்பாவி,” என்றாள், மெதுவாக. “அதுக்குன்னு அதுங்க தலை மேல ஸ்லாப் போட உட்டுடுவியா?”

விரலில் ஒட்டியிருந்த பொடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

இன்ஜினியர் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “உங்க சண்டைய அப்புறம் வச்சிக்கோங்க. நீ எழுதிக் குடு, உன் ரிப்போர்ட் தப்புன்னு. சாயங்காலம் நானே நின்னு பாக்கறேன். வந்தா கம்பி. வரலையா, திங்கக்கிழமை கான்கிரீட். சரியா, ஆயித்தா?”

எழுதிக் கொடுத்தேன். மேடத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழித்ததையும், அரைகுறையாகச் சொன்னதையும். கேட்டுவிட்டுச் சொன்னார்: “கௌதமி பக்கத்துல இருக்காளா? அவகிட்ட குடு.”

அந்த நிமிஷத்தில்கூட எனக்குச் சுருக்கென்றது. அதையும் மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

5. ஆறேகால்

வாயோரம் அடுக்கியிருந்த பலகைகளைத் தள்ளி வைத்தார்கள். நான் டிடெக்டரும் ஒரு கவுண்ட்டருமாக ஒரு பக்கம். கௌதமி எதிர்ப்பக்கம், ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, இன்னொரு கவுண்ட்டரோடு. நடுவில் இன்ஜினியர்.

ஆறேகால். ஒன்றுமில்லை. மாரிக்குப்பம் போகிற ரயில் போனது. இன்ஜினியர் மணி பார்த்தார். ஆறு இருபது. ஒன்றுமில்லை.

ஒரு உண்மை சொல்கிறேன். அப்போது ஒரு கணம், வரவே வேண்டாம் என்று ஆசைப்பட்டேன். என் நில் சரியாகிவிடும். ஏழு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிடும். உள்ளே இருப்பவை திங்கட்கிழமை அடைபட்டுச் சாகும் என்று அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. பொறாமை எவ்வளவு தூரம் போகும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

டிடெக்டர் கடகடவென்றது.

ஒன்று வந்தது. சுவரை ஒரு சுற்று சுற்றி மேற்கே போனது. இரண்டு. ஐந்து. பிறகு எண்ணுகையில் மூச்சுவிட நேரமில்லை. ஆவியைக் கிழித்துக்கொண்டு இலைமூக்கு வௌவால்கள், என் காதோரம், இன்ஜினியர் குல்லாவை உரசிக்கொண்டு.

“அய்யய்யப்பா!” என்று குனிந்த இன்ஜினியர், குனிந்தபடியே போனை எடுத்து வீடியோ பிடித்தார். “எம் மகளுக்கு அனுப்பணும். நான் வெறும் கல்லு மண்ணு வேலை பண்றேன்னு கிண்டல் பண்றா.”

முடிந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. இன்ஜினியர் தன் ஆட்களைக் கூப்பிட்டுப் பலகையையெல்லாம் வண்டியில் ஏற்றச் சொன்னார். அடுத்த மாதம் மேல் ஷாப்ட்டுக்கும் கம்பிக்கதவு வந்தது. அதன் முன்னால் நிற்கிற போட்டோவில் இருப்பது கௌதமி. கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறாள். நான் எடுத்த போட்டோ. நன்றாகத்தான் வந்திருக்கிறது.

தை பௌர்ணமிக்கு அவள் அம்மா கொடியை நாலடி தள்ளிக் கட்டினார். “அதுங்க எடத்துல நாமதானே காயப்போட்டோம்,” என்றாராம்.

6. புதிதாக வருகிறவர்களுக்கு

நம் சர்வே ஷீட்டில் இப்போது முதல் கேள்வி இது: ‘குளிர்காலத்தில் துணி எங்கே காயப்போடுவீர்கள்? வெயில் காலத்தில் எங்கே உட்காருவீர்கள்?’ ஷாப்ட் எந்தப் பக்கம் மூச்சு விடுகிறது என்று லைன் வீட்டுக்காரர்களைவிட எந்த மெஷினும் சரியாகச் சொல்லாது. இந்தக் கேள்வியால் இதுவரை இன்னும் இரண்டு வாய்கள் ஸ்லாப்பிலிருந்து தப்பின. மேடம் இதற்குக் ‘கௌதமி கேள்வி’ என்று பெயர் வைத்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதை நான்தான் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எரிகிறது. எரிந்தாலும் பதிலை முழுசாக எழுதிக்கொள்கிறேன்.

நான் கற்றது இவ்வளவே. குறிப்புக் கட்டத்தில் யார் பெயரை எழுதக் கை வரவில்லையோ, அந்தப் பெயரை முதலில் எழுதிவிடுங்கள். பொறாமை போகவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு இன்னும் போகவில்லை. அது ஷீட்டில் கைவைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று பாக்கி. அன்றைக்கு மேல் ஷாப்ட்டில் என் எண்ணிக்கை இருநூற்று அறுபத்து மூன்று. கௌதமியுடையது இருநூற்று எண்பத்தொன்று. ரிப்போர்ட்டில் அவளுடையதைத்தான் போட்டேன். டிடெக்டரும் கையில் வைத்துக்கொண்டு உனக்கு எப்படிக் குறைந்தது என்று மேடம் கேட்டார். வெளிச்சம் போய்விட்டது மேடம் என்றேன்.

வெளிச்சம் போகவில்லை. நடுவில் கொஞ்ச நேரம், அவள் எப்படி எண்ணுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பதினெட்டு என் தலைக்கு மேலேயே பறந்து போயிருக்கின்றன.