ஆட்டுத் தலைக்கான பில்

ரைகானின் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. குடிபோதையில் ஒருவன் வீசிய தேநீர்க் கிண்ணம் கிழித்தது. உடைந்த கிண்ணத்துக்கும் அவள் சம்பளத்தில்தான் பிடித்தார்கள்.

தராஸ் நகரின் சந்தைத் தெருவில் தொலெபெக் நடத்திய உணவகத்தில் அதுதான் முறை. பாத்திரம் உடைந்தாலும், சாப்பிட்டவன் காசு கொடுக்காமல் நழுவினாலும் பரிமாறியவள் தலையில் விழும். பில்லோடு சேர்த்து வாங்கும் சேவைக் கட்டணம் மட்டும் முதலாளிக்கு. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த நான் அங்கே அடுப்படியில் சமைத்தேன். என் விசாத் தாள்கள் தொலெபெக்கின் இழுப்பறையில் இருந்தன. போலீஸ்காரன் தேநீர் குடிக்க வந்தால்கூட நான் அடுப்புக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். ரைகான் சிரிப்பாள்.

"ஒன்னப் பிடிச்சிட்டுப் போயி அவன் என்ன பண்ணுவான்? அரிசிச் சோறு கேப்பேன்னு பாதி வழியிலயே எறக்கி விட்ருவான்."

கணவன் ஓடிப்போன பிறகு இரண்டு பெண் பிள்ளைகளை அவளே வளர்த்தாள். போன குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கரி தீர்ந்து, சின்னவள் நுரையீரல் காய்ச்சலிலிருந்து பிழைத்ததே பெரிது. இந்த ஆண்டு முதல் பனி விழுமுன் ஒரு வண்டிக் கரி இறக்கிவிட வேண்டும். வண்டிக்காரன் மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தான், கையில் காசு வேண்டும் என்று. அதற்கு முந்தைய நாள் சம்பள நாள்.

அன்று மதியம் கைசர் என்ற குதிரை வியாபாரி கூட்டாளிகளோடு வந்தான். குதிரைக்கறி, வோட்கா, அவித்த ஆட்டுத் தலை. தலையை மேசையில் மூத்தவர் முன்னால் வைப்பதுதான் வழக்கம். தந்தை உயிரோடிருப்பவன் அதில் கத்தி வைக்க மாட்டான். வைத்தால் தந்தையின் சாவுக்கு அவசரப்படுகிறான் என்று அர்த்தம்.

"அண்ணே, அவரோட அப்பா இருக்காரா?" என்று ரைகான் தொலெபெக்கிடம் கேட்டாள்.

"காசு குடுக்கிறவன் அவன். அவன் முன்னாடி வையி. வக்கீல் மாதிரி கேள்வி கேக்காத."

வைத்தாள். கைசர் எழுந்தான்.

"எங்கப்பன் செத்துட்டான்னு எவடி ஒனக்குச் சொன்னா?"

ஆட்டுத் தலையைத் தூக்கி அவள் முகத்தில் அடித்தான். பிறகு அது இருந்த இரும்புத் தட்டத்தால் தோளில் அடித்தான். தட்டத்தில் தேங்கியிருந்த சூடான குழம்பு அவள் கழுத்தில் வழிந்தது. மேசையைக் கவிழ்த்துவிட்டு எல்லோரும் வெளியேறினார்கள்.

தொலெபெக் அவள் முடியைப் பிடித்து நிமிர்த்தினான். "பில்லு ஒன் கணக்கு. ஒன் சம்பளம் அதுக்கே சரியாப் போச்சு."

"நீங்கதானண்ணே வைக்கச் சொன்னீங்க?"

"நானா?" கன்னத்தில் ஒன்று விட்டான். பல் ஒன்று தரையில் விழுந்தது.

அவள் அழவில்லை. தரையில் கிடந்த தட்டத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். கைசரின் கார் நகரத் தொடங்கியிருந்தது. முன்கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். இரண்டாம் அடியில் கண்ணாடி உள்ளே கொட்டியது.

"தின்னதுக்குக் காசைக் குடுத்துட்டுப் போடா!"

கைசர் இறங்கி அவள் வயிற்றில் உதைத்தான். விழுந்தவள் அவன் காலைக் கட்டிக்கொண்டு கெண்டைச் சதையில் பல்லைப் பதித்தாள். அவன் அலறினான். முதுகில் குத்தினான், விலாவில் குத்தினான். கூட்டாளிகள் இழுத்தும் அவள் வாய் விடவில்லை. கால்சட்டை வழியே ரத்தம் ஊறியது.

"குடுத்துத் தொலைடா, நாய் மாதிரி பிடிச்சிருக்கா!" என்றான் கூட்டாளி ஒருவன்.

கைசர் ஒரு கற்றை நோட்டை உருவி அவள் மேல் எறிந்தான். வாய் விட்டது. கார் போயிற்று.

தொலெபெக் ஓடிவந்து குனிந்தான். ரைகான் நோட்டுகளின் மேல் முட்டியை ஊன்றிக்கொண்டாள்.

"கைய எடு."

"கடைக் காசுடி அது!"

"கடைக்குத்தான் என் சம்பளத்த எடுத்துக்கிட்டியே. பில்லு தீந்துபோச்சு. இது என்னோடது."

அவன் கையை நீட்டினான். பக்கத்தில் கிடந்த தட்டத்தை எடுத்து அதன் விளிம்பை அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் அடுப்படி வரை கேட்டது. முற்றத்தில் நின்ற ஒருவரும் அவன் பக்கம் போகவில்லை.

நோட்டுகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, விலாவைப் பிடித்தபடி வெளிவாசலைத் தாண்டினாள்.

மறுநாள் கரி இறங்கியது. அவளால் மண்வாரியைத் தூக்க முடியவில்லை. பெண்கள் இருவரும் அள்ளிப் போட்டார்கள். இப்போது ரயில் நிலையத்துக்கு எதிரே வேறோர் உணவகத்தில் பரிமாறுகிறாள். அங்கும் கிண்ணம் உடைந்தால் பிடித்தம்தான்.