பக்கத்து நாற்காலி

எங்கள் முடிதிருத்தும் கடையில் இரண்டு நாற்காலிகள். கதவோரம் இருந்தது 'பட்டுக்கை' அண்ணனுடையது. உள்ளே குழாயடியில் இருந்தது என்னுடையது. அவர் சவரம் செய்தால் கன்னத்தில் கத்தி பட்டதே தெரியாது என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டே எனக்கு வயிறு எரியும்.

சனிக்கிழமைகளில் ஒரு தலைமையாசிரியர் வருவார். நான் சும்மா ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். "வாங்க சார்" என்றால், "பரவாயில்லப்பா, அவர் முடிக்கட்டும்" என்று பழைய வாரப் பத்திரிகையை எடுத்து விரிப்பார். படித்ததையே மறுபடி படிப்பாரே தவிர, என்னிடம் கன்னத்தைக் கொடுக்க மாட்டார்.

அந்தப் பட்டுக்கையின் ரகசியம் எனக்குத் தெரியும். காலையில் அது வெடவெடவென்று உதறும். பின்கட்டுக்குப் போய் இரண்டு மடக்கு உள்ளே தள்ளினால்தான் கத்தி நிற்கும். சாயங்காலம் அந்த இரண்டு மடக்கு முழுப் பாட்டிலாகிவிடும். அண்ணி வீங்கிய முகத்தோடு "வழுக்கி விழுந்துட்டேன்" என்றபோது, நாங்கள் எல்லோரும் நம்பியதுபோல் நடித்தோம். மகள் அப்பாவோடு பேசி இரண்டு வருடமாகியிருந்தது.

ஒருநாள் ரத்த வாந்தி எடுத்தார். ஈரல் கெட்டுவிட்டது, இனி ஒரு சொட்டுக்கூடத் தொடக் கூடாது என்றார் டாக்டர். அண்ணன் நிறுத்தினார். மாத்திரை போட்டும் சில வாரம் கை நடுங்கியது. தலைமையாசிரியரின் தாடையில் கீறல் விழுந்தது. மறு சனிக்கிழமை அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று நான் கால் தரையில் பாவாமல் வீட்டுக்குப் போனேன்.

ஆனால் அந்த நடுக்கமும் நின்றது. குடிக்காமலேயே கத்தி நின்றது, முன்னைவிட அழகாக. மகள் கடைக்கே வந்து, "அப்பா, சூடா இருக்கு, சாப்பிடுங்க" என்று சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். தலைமையாசிரியர் பழையபடி கதவோரம் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று கடை மூடும்போது கால் பாட்டில் வாங்கி வந்தேன். "தூரத்து மச்சானுக்குப் பையன் பொறந்திருக்கான்ணே. சும்மா ஒரு மூடி."

"வேணாம்டா. பொண்ணு இப்பதான் பேசறா."

"ஒரு மூடிதானே. யாருக்குத் தெரியப் போகுது?"

மூன்றாவது தடவை நீட்டியபோது வாங்கிக்கொண்டார். எனக்கு அப்படி ஒரு மச்சானே கிடையாது.

எட்டே மாதம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் மஞ்சளாக, வயிறு பானையாக, கைகால் குச்சியாகக் கிடந்தார். முகத்தில் தாடி மண்டியிருந்தது. அண்ணி எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். "வேற யாரையும் தொட விடமாட்டேங்கறார் தம்பி. எனக்கு அடுத்து அவன் கைதான், அவனைக் கூப்பிடுன்னு ஒரே பிடிவாதம்."

நுரை தடவினேன். அண்ணன் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டினார்.

"நல்லாத்தானே இருந்தாரு. மறுபடி யார் தம்பி ஊத்திக் கொடுத்தது? கூட இருக்கற உனக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றார் அண்ணி.

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. "அவனை விடு. கையில கத்தி இருக்கு."

நான் கன்னத்தில் கத்தியை வைத்து இழுத்தேன். அண்ணி அழுதுகொண்டிருந்தார். அந்த நேரத்திலும் என் மனம் 'எனக்கு அடுத்து' என்ற பேச்சிலேயே மாட்டிக்கொண்டு எரிந்தது. சாகக் கிடக்கிற மனுஷன், அப்போதுகூட முதலிடத்தை எனக்கு விட்டுக்கொடுக்கவில்லையே.