மரச்சீனிக்குப் பதில் ஒரு சொல்

போன வருடம் மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திருவனந்தபுரத்தில் ஒரு திரைப்படச் சங்கத்தின் சிறிய அரங்கில் இது நடந்தது. பழைய ஹாலிவுட் இசைப்படங்களை வாரம் ஒன்றாகத் திரையிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தமிழ் நாளிதழின் நிருபர். ஞாயிறு பக்கத்துக்கு ஏதாவது தேறுமா என்று பார்க்கப் போயிருந்தேன்.

அன்றைய படம், சேர்ந்து பாட்டு உண்டாக்கும் இரண்டு நண்பர்களின் கதை. ஒருவர் மெட்டுப் போடுகிறவர், மற்றவர் வரிகள் எழுதுகிறவர். இந்த வகைப் படங்களில் வாழ்க்கை வரலாறு கொஞ்சம்தான். குடி, பொறாமை, பிரிவு எல்லாம் ஒரு காட்சியில் வந்து அடுத்த நடனத்தில் கரைந்துவிடும். ஆனால் அந்த நடனம்! ஆடுபவரின் தலை முதல் கால் வரை திரையில் தெரிகிறது. கேமரா வெட்டாமல் கூடவே நகர்கிறது. ஏமாற்ற இடமே இல்லை. நான் குறிப்பெடுப்பதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன் வரிசையில் ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பெண்கள். ஒருவரின் வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. திரையில் மெட்டுக்காரர் பியானோ வாசித்தபடி, வரி இல்லாத இடங்களில் வாய்க்கு வந்ததை உளறிப் பாடினார். எழுதுகிறவர் காதைப் பொத்திக்கொண்டு அறையைச் சுற்றி ஓடினார். அதைப் பார்த்து, கை அசையாத அந்தப் பெண் உரக்கச் சிரித்தார்.

பக்கத்து இருக்கைக்காரர் திரும்பி, சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். "சேச்சி, ஒண்ணு பதுக்கெ."

"சிரிக்கத்தானே சாரே வந்தோம்?" என்றார் கூட வந்தவர்.

இடைவேளையில் அவரே என்னிடம் ஒரு தேநீர்க் குவளையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மற்றதைத் தோழியின் இடது கையில் பத்திரமாக வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ சபையில் ஆர்கன் வாசிக்கிறவர் அவர். தோழி பாட்டெழுதுகிறவர். அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை உட்பட, சபையின் பண்டிகைப் பாட்டுகளெல்லாம் பல வருடங்களாக இவர்கள் இருவரும் செய்தவைதாம். மழைக்கு முன்னால் தோழிக்குப் பக்கவாதம் வந்தது. மற்றவர் பேசுவது முழுக்கப் புரிகிறது. பதில் சொல்லப் போனால் 'ஆமா', 'இல்ல' இரண்டைத் தவிர எதுவும் வரவில்லை.

"அறுப்பின் பண்டிகைக்கு மெட்டு ரெடி. வரிதான் இல்ல. வேற ஆளக் கொண்டு எழுதிக்கலாம்ணு சபையில பறையுதாங்க. இண்ணைக்குள்ள முடிவு சொல்லணுமாம்" என்றார்.

தோழி தரையைப் பார்த்தபடி, "இல்ல… இல்ல…" என்றார். எதை மறுக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

"சிரிச்சியே, அதுவே இத்தன மாசத்துல இண்ணைக்குத்தான்" என்று அவரிடம் சொல்லிவிட்டு ஆர்கன்காரர் என் பக்கம் திரும்பினார். "படத்துல பாத்தேளா? நானும் அப்படித்தான். வேணும்ணே நாறுன வார்த்தையாப் போட்டுப் பாடுவேன். இவளுக்குப் பொறுக்காது. திட்டிக்கிட்டே நல்லத எடுத்துத் தருவா. அதுதான் எங்க தொழில்."

படம் முடிந்து வெளியே வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டோ வரும்வரை முகப்பில் நின்றோம். ஆர்கன்காரர் கைப்பையின் மேல் விரலால் தாளம் போட்டார். பிறகு, பண்டிகைப் பாட்டின் மெட்டு என்று எனக்குப் புரியும்படி, பக்திப் பரவசத்தோடு பாடினார்:

"வேக வச்ச மரச்சீனி, தொட்டுக்க மீன்கறி…"

பண்டிகைப் பாட்டில் மரவள்ளிக்கிழங்கு! தோழியின் முகம் சுருங்கியது. "இல்ல."

"பின்ன? அறுப்புல மரச்சீனியும் உண்டும்லா? கர்த்தருக்கு மீன்கறி பிடிக்காதா?" இன்னும் உரக்கப் பாடினார். மழைக்கு ஒதுங்கியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேலி எல்லை மீறுகிறது என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

"இல்ல!" தோழி இடது கையால் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். அடித்த கை அங்கேயே நின்று தாளம் போடத் தொடங்கியது. உதடுகள் ஏதோ தேடின. அப்புறம், பேச்சாக அல்ல, விதைத்தவர் கையைப் பற்றிய பாட்டாகவே வந்தது:

"தூவி… நின்ற… ஏழைக் கையை…"

ஆர்கன்காரர் அவளைக் கட்டிப்பிடித்து அழப்போகிறார் என்று நினைத்தேன். என் கண்ணே கலங்கிவிட்டது. அவரோ தலையைச் சாய்த்து ஒரு முறை முனகிப் பார்த்துவிட்டு, "தூவி நின்ற நல்லாருக்கு. ஏழை இழுக்குதுட்டி. அங்க இத்திரி இடம்தான் உண்டு, கேட்டியா" என்றார்.

மெட்டில் அந்த இடத்துக்கு அந்தச் சொல் நீளமாம். தோழி அவரை முறைத்தார். கோபம்தான், சந்தேகமே இல்லை. மறுபடி தாளம், மறுபடி தேடல்.

"தூவி நின்ற… வெறுங்கையை."

"ஆ, அது!" என்றார் ஆர்கன்காரர். உடனே போனை எடுத்துப் போதகரைக் கூப்பிட்டார். "ஐயா, வேற ஆளப் பாக்க வேண்டாம். வரி வருது. மெதுவா வரும், நீங்க அவசரப்பட்டுத் தெரக்கு பண்ணப்பிடாது."

ஆட்டோ வந்தது. தோழியின் வலது காலை முதலில் தூக்கி உள்ளே வைத்து, முந்தானை சக்கரத்தில் சிக்காமல் சுருட்டிக் கொடுத்து, "அடுத்த வரி மீன்கறிதான், வீட்டுக்குப் போறதுக்குள்ள மாத்தலைண்ணா அப்படியே பாடிடுவேன்" என்று மிரட்டியபடி தானும் ஏறிக்கொண்டார்.

நோயில் விழுந்தவர்கள் எதைச் செய்தாலும் கைதட்டுவதுதான் அன்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். மாதக்கணக்கில் காத்திருந்து வந்த முதல் வரியைக் கேட்டதும் "இது போதாது, இன்னொன்று கொடு" என்று கேட்கத் துணிந்த அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம், ஒரு மனிதரை இன்னொரு மனிதர் அதைவிட மேலாக மதித்துவிட முடியாது என்றே எனக்கு இன்றும் தோன்றுகிறது.