பெரிய பம்ப்

பல்லடம் சாலையில் எனக்கொரு விறகு டிப்போ இருக்கிறது. சாயப்பட்டறை பாய்லர்களுக்கு விறகு பிளந்து அனுப்புகிறேன். பிளக்கும் மிஷினில் ஒரு தம்பதி வேலை செய்கிறார்கள். கணவர் லீவரில் நிற்பார். மனைவி கட்டையைப் பிடிப்பார். சீமைக்கருவேலம் கோணல்மாணலாக இருக்கும், பிடிக்காமல் நிற்காது.

அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. கட்டையை ஆப்பில் தள்ளிப் பிளக்கும் பிஸ்டன் ஆடி அசைந்துதான் வரும் என்பதால், கணவர் முதலிலேயே லீவரைத் தள்ளிவிடுவார். அது வந்து சேர்வதற்குள் அந்த அம்மா கட்டையை வைத்து, நேராக்கி, கையை எடுத்துக்கொள்வார்.

அந்த ஆடி அசைதல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பெரிய ஹைட்ராலிக் பம்ப் ஒன்றும் அதற்கேற்ற மோட்டாரும் வாங்கினேன்.

"வேகந்தானுங்க கூடும். பலம் அதேதானுங்க" என்றார் மெக்கானிக்.

வேகம் போதும் என்றேன். மாட்டி முடித்ததும் செல்போனில் நேரம் பார்த்தேன்; ஒரு கட்டைக்கு ஆகும் நேரம் பாதியாகக் குறைந்திருந்தது. ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல் வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினேன்.

மறுநாள் காலையும் வழக்கம்போல் லீவர் முதலில் போனது, கட்டை பிறகு வந்தது. அந்த அம்மா அலறிக்கொண்டு கையை உருவினார். கட்டைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே கையுறை மட்டும் நசுங்கிக் கிடந்தது. விரல்கள் ஐந்தும் இருந்தன. பதற்றத்தில் அந்த அம்மாவைத்தான் திட்டினேன்.

"பாத்து வெக்கறதில்லீங்களா?"

"பழைய பம்ப்பு என் கையப் பாத்து வருமுங்க. இதுக்குக் கண்ணில்லீங்க" என்றார் அவர்.

கணவர் லீவரை விட்டுவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிமேல் கட்டை நின்ற பிறகுதான் லீவர் என்று சட்டம் போட்டேன். இரண்டு கட்டை சரியாகப் போனது. மூன்றாவதில் கணவரின் கை பழையபடி லீவரில் முந்திக்கொண்டது. நல்லவேளை, அந்த அம்மா இன்னும் கட்டையைத் தூக்கவே இல்லை. கணவரின் முகம் வெளுத்துவிட்டது. நான் மோட்டாரை நிறுத்தினேன்.

பழைய பம்ப்பையே திரும்ப மாட்டச் சொன்னதும் மெக்கானிக்குக் கோபம்.

"நான் மாட்டுனதுல ஏதாச்சும் தப்புங்களா?"

"மாட்டுனதுல இல்லீங்க" என்றேன்.

மதியம் மிஷின் ஓடியது. கணவர் லீவரைத் தள்ளினார். பிஸ்டன் ஆடி அசைந்து வந்தது. செல்போன் சட்டைப்பையில் கிடந்தது. நான் அந்த அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் அதைக் கட்டையிலிருந்து எடுக்கும் வரை.