லவங்கப்பட்டை மணக்கும் காலை

மாஸ்டர் முட்டையைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டி உடைக்கிறார். ஓட்டின் சில்லு ஒன்றுகூட உள்ளே விழவில்லை. மைதா, பால், சர்க்கரை, உருக்கிய வெண்ணெய் எல்லாம் ஏற்கெனவே சேர்ந்தாயிற்று. லவங்கப்பட்டைத் தூளை மட்டும் கடைசியில் விரல் நுனியால் எடுத்துத் தூவுவார், கரண்டி தொடக் கூடாது. "ரொம்பப் போட்டு அடிச்சா பான்கேக் ரப்பர் மாதிரி ஆயிடும். பொறுமையா, பூ மாதிரி கலக்கணும்" என்று பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சொல்லிக்கொள்வார்.

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். பொறுமையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து அழுதவர்களைக்கூட நெடுஞ்சாலையில் ஓட்ட வைத்திருக்கிறார். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்து வண்டியைச் சுவரில் கொண்டுபோய்ச் செருகிய பெரிய மனிதரிடம், "பரவாயில்ல சார், சுவரு எங்கயும் ஓடிப் போகாது. நாம மெதுவா ரிவர்ஸ் எடுப்போம்" என்றவர். அந்தப் பொறுமை மாலையோடு தீர்ந்துபோகும். வீட்டுக்கு மிச்சம் வராது.

முந்தின இரவு கை நீட்டியிருந்தால்தான் மாஸ்டர் அடுப்படிக்கு வருவார். எந்தக் கிழமையானாலும் அன்று லீவு. மனைவி எழுந்து முகம் கழுவித் தலை வாரி வரும்வரை காத்திருப்பார். அதனால் காலைச் சாப்பாட்டுக்கும் இல்லாமல் மதியச் சாப்பாட்டுக்கும் இல்லாமல் ஒரு நேரத்தில்தான் தோசைக்கல் சூடேறும்.

வாசம் மாடிப்படி வழியே இறங்கும். கீழ்வீட்டு அக்கா அண்ணாந்து குரல் கொடுப்பாள். "இன்னைக்கு மாஸ்டர் சமையலா? குடுத்து வெச்சவடி நீ! எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது." மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்து வைப்பாள். உதட்டில் வலிக்காத பக்கமாகச் சிரிக்க அவளுக்குப் பழகிவிட்டது.

மன்னிப்பு என்ற சொல் மாஸ்டர் வாயில் வந்ததே இல்லை. தட்டை வைப்பார். அவள் சாப்பிட்டு, "நல்லா இருக்குங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் முந்தின இரவு நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். ஒரே ஒருமுறை பசியில்லை என்று தட்டைத் தள்ளி வைத்தாள். "ஒரு மனுஷன் இறங்கி வந்தா மதிக்கத் தெரியணும்" என்று அன்று மாலையே மறுபடி அடி விழுந்தது. அதிலிருந்து அவள் விழுங்கிவிடுகிறாள். அந்த வாசம் பட்டாலே குமட்டிக்கொண்டு வருகிறது, இருந்தாலும் விழுங்குகிறாள். பிள்ளை மேல் கை வைக்கவில்லையே என்று சொல்லித்தான் இத்தனை நாள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

நேற்று வைத்துவிட்டார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே வந்து நின்றதுதான் குழந்தை செய்த குற்றம். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். இடது கன்னம் இன்னும் வீங்கியிருக்கிறது.

இன்று முதல் தட்டு மனைவிக்கு வரவில்லை. குமிழி விட்டதும் மாஸ்டர் பக்குவமாகத் திருப்பிப் போட்டு, பொன்னிறமாக எடுத்து, தேன் விட்டு மகள் முன்னால் வைக்கிறார். "என் தங்கத்துக்குத்தான் முதல்ல. அவசரமே இல்ல, மெதுவா சாப்பிடு." வண்டியில் பேசுகிற அதே குரல்.

குழந்தை ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு வலது பக்கமாக ஒதுக்கி மெல்கிறாள். அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறாள். உதட்டை ஒரு பக்கமாக இழுத்துச் சிரிக்கிறாள்.

"நல்லா இருக்குப்பா."

எதிரே தாய் உட்கார்ந்திருக்கிறாள். அது அவளுடைய சிரிப்பு, அவளுடைய சொல். யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறாள்.

மாஸ்டர் திருப்தியாக அடுத்த கரண்டி மாவை அள்ளுகிறார். மனைவி எழுந்து போய் மகளின் நாற்காலி அருகே மண்டியிடுகிறாள். உள்ளங்கையைக் குவித்து, பிள்ளையின் வாய்க்குக் கீழே நீட்டுகிறாள்.

"துப்பும்மா" என்கிறாள், அவர் காதில் விழும்படியாக.